சமுதாயக் கூடத்தில் நிலத்தடி நீர் வகுப்பு

எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஐஐடி வகுப்பு நடக்கிறது. பாடம் நிலத்தடி நீரியல். ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கும் வகுப்புகளை என்பிடெல் என்ற திட்டம் யூடியூபில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது, அவற்றைத்தான் புரொஜெக்டரில் ஓட்டுகிறோம். பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து சிலர் போன் செய்து எப்படி நடத்துகிறீர்கள், ஜனங்களுக்குப் புரிகிறதா, இதனால் என்ன ஆகப்போகிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குத் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள்தான் அதிகம் வரும். அப்பா இந்தக் கடையை நடத்திய காலத்தில் கிணற்று மேட்டில் உட்காரும் 3 எச்பி, 5 எச்பி மோனோபிளாக் மோட்டார்கள்தான் வரிசையாகக் கிடக்கும். இப்போது 7.5, 10, 12.5 என்று போய்விட்டது. பம்பில் ஸ்டேஜ் கூடிக்கொண்டே போகிறது. சித்திரை வைகாசியில் தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகிய மோட்டார்கள் வந்து குவியும். பிரித்துப் பார்த்தால் வைண்டிங் வயரின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறை உருகி, ஸ்லாட்டுக்குள் பாகு போல ஒட்டிக்கிடக்கும். அடியில் இருக்கும் கார்பன் பேரிங் தேய்ந்து கறுப்புத் தண்ணீர் வடியும். ஒவ்வொரு மோட்டாருக்குப் பின்னாலும் ஒரு நகைக்கடன் இருக்கிறது. அதனால் எனக்கு வேலை வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அதைச் சந்தோஷமாக நினைக்க முடியவில்லை.

கடையில் வேலை பார்த்துக்கொண்டே போனில் இந்த வகுப்புகளைக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு வகுப்பில் ஒரு படம் வந்தது. ஒரு போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், மோட்டார் ஓடும்போது அதைச் சுற்றியுள்ள நீர்மட்டம் கூம்பு மாதிரி உள்வாங்குகிறது. நடுவில் ஆழம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. பக்கத்தில் இன்னொரு போர் ஓடினால் அதற்கும் ஒரு கூம்பு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் இறக்கம் இரண்டையும் கூட்டியது. ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் ஊரில் அண்ணன் போருக்கும் தம்பி போருக்கும் நடுவில் ஒரு வரப்புதான் இருக்கும். இதை நான் ஒருவன் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்? கூம்பு என் நிலத்தோடு நிற்கப்போவதில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரும் அதே நேரத்தில் அதே படத்தைப் பார்த்தால்தான் பேச்சு தொடங்கும் என்று தோன்றியது. கூடத்தில் போட வேண்டும் என்ற யோசனை அப்படித்தான் வந்தது.

ஏற்பாடு பெரிய விஷயமில்லை. ஊராட்சித் தலைவரிடம் ஒரு மனு கொடுத்தோம். வளைகாப்பு, காதுகுத்து இல்லாத நாளில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். புரொஜெக்டர் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பியுடையது. சத்தத்துக்கு மைக்செட் அண்ணன் ஒரு பாக்ஸ் கொடுத்தார். சுவரில் வெள்ளை அடித்த பக்கமே திரை. நெட் நடுவில் நின்றுவிடும் என்பதால் வகுப்பை முந்தின நாளே என் போனில் ஆஃப்லைனில் சேமித்து வைத்துவிடுவேன். நேரம் வைப்பதுதான் கஷ்டம். எங்கள் பக்கம் த்ரீ ஃபேஸ் கரண்ட் முறை வைத்து வருகிறது. கரண்ட் வந்துவிட்டால் பாதிப் பேர் எழுந்து மோட்டார் போடப் போய்விடுவார்கள். அதைப் பார்த்துத்தான் சனிக்கிழமை நேரத்தை மாற்றி மாற்றி வைக்கிறோம்.

என்பிடெல் 2003-இல் தொடங்கியது. ஏழு ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது. முதலில் பொறியியல் மாணவர்களுக்கென்று செய்தார்கள், ஆனால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்துப்படியும் கிடைக்கிறது. நாங்கள் போடுவது ஆங்கில வகுப்பு. சுமார் அரை மணி நேரம் ஓடும் ஒரு வகுப்பைப் பார்த்து முடிக்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. ஐந்து நிமிடம் ஓட்டுவோம், நிறுத்துவோம், நானும் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வுபெற்ற சாரும் தமிழில் சொல்வோம், அப்புறம் கேள்வி. சமன்பாடு நீளமாகப் போகும் இடத்தைத் தாண்டிவிடுவோம். எழுதத் தெரியாத பெரியவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் சாரையே யோசிக்க வைக்கின்றன.

ஹென்றி டார்சி வகுப்பு எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிரான்சில் டிஜோன் என்ற ஊரைச் சேர்ந்த பொறியாளர். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊற்றிலிருந்து மூடிய கால்வாய் கட்டித் தன் ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். மணலுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் போகும் என்று சோதனை செய்து 1856-இல் ஒரு விதியை வெளியிட்டார். நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும். மணலின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். மிச்சமெல்லாம் அந்த மணலின் குணம். உலகம் முழுக்க நிலத்தடி நீர்க் கணக்கு இன்றும் இதில்தான் நிற்கிறது.

படத்தில் பார்த்தால் போதாது, செய்து பார்த்துவிடலாம் என்று சார் சொன்னார். அடுத்த வாரம் என் கடையிலிருந்து ஒரு 4 இஞ்ச் பிவிசி பைப் துண்டை எடுத்துப்போனேன். இரண்டு முனையிலும் கொசுவலைத் துணி வைத்து, எண்டு கேப் போட்டு, ஓட்டை போட்டு ஓஸ் மாட்டினோம். உள்ளே எம் சாண்ட் அடைத்துப் பைப்பைத் தரையில் படுக்க வைத்தோம். ஒரு முனையில் தண்ணீர் வாளி, மறுமுனையில் ஒரு லிட்டர் மக். வாளியைத் தரையில் ஒரு செங்கல் மேல் வைத்தால் சொட்டுகிறது. நாற்காலி மேல் ஏற்றினால் ஓடுகிறது. பெஞ்சு மேல் நாற்காலி போட்டு ஏற்றினால் மக் சீக்கிரம் நிறைகிறது. ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி போனில் நேரம் பார்த்துச் சொல்ல, சார் கரும்பலகையில் எழுதினார். உயரம் இரண்டு பங்கானால் நேரம் கிட்டத்தட்டப் பாதியானது. கூடமே எழுந்து வந்து பைப்பைச் சுற்றி நின்றுகொண்டது. அப்புறம் மணலைக் கொட்டிவிட்டு ஏரி வண்டலை அடைத்தோம். வாளியைப் பெஞ்சு மேல் நாற்காலி வரைக்கும் ஏற்றியும் மக்கின் அடி நனையவில்லை. வண்டலை எடுத்துவிட்டு முக்கால் இஞ்ச் ஜல்லி போட்டதும் தண்ணீர் மக்கைத் தாண்டித் தரையில் ஓடியது. பைப்பும் வாளியும் அதேதான். உள்ளே இருக்கும் பொருள் மட்டும்தான் மாறியது.

அப்போது போர் வண்டியில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் கேட்டார்: "மண்ணுக்கு இந்தக் கணக்கு சரிங்க சார். நம்ம ஊர்ல இருபது முப்பது அடிக்குக் கீழ முழுக் கல்லாச்சே. கல்லுக்குள்ள எப்படிங்க போகும்?"

அந்தக் கேள்விதான் அடுத்த சில வாரங்களை நடத்தியது. தமிழ்நாட்டின் பரப்பில் சுமார் 73 சதவீதத்துக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் அப்படித்தான். நைஸ், சார்னோகைட் என்கிறார்கள், நாம் கருங்கல் என்கிறோம். கல்லுக்குள்ளே தண்ணீர் கிடையாது. மேலே வெயிலும் மழையும் பட்டு உளுத்துப்போன பகுதியில் கொஞ்சம் இருக்கிறது, அதற்குக் கீழே கல்லில் விட்ட வெடிப்புகளில் இருக்கிறது. அந்த வெடிப்பு மேலே இருக்கும் உளுத்த பகுதியோடு தொடர்பில் இருந்தால்தான் அதில் மழைத் தண்ணீர் வந்து சேரும். பொதுவாக ஆழம் போகப் போக மேலே இருக்கும் பாறையின் எடை அழுத்தி வெடிப்புகள் குறையும், இறுகும்.

இதைக் கேட்டதும் அந்த அண்ணன் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். நாங்கள் புரொஜெக்டரை அணைத்துவிட்டோம். திருச்செங்கோட்டு வண்டிகளில் பல வருஷம் ராடு மாட்டியவர். கல்லைக் குடையும் பிட் இறங்கும்போது சத்தம் எப்படி மாறும், வெடிப்பு வந்தால் ராடு எப்படி ஒரு துள்ளு துள்ளி இறங்கும், வெளியே வரும் தூள் எந்த நிறத்துக்கு மாறினால் ஈரம் வரப்போகிறது, எந்த ஆழத்துக்கு மேல் வெறும் புகைதான் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஆயிரம் அடி ஓட்டின போர்லகூடப் பாதிக்கு மேல தண்ணி முன்னூறு அடிக்குள்ளயே வந்திருக்கும்ங்க. அதுக்குக் கீழ ஓட்டறதெல்லாம் நெறய பேருக்கு மனசு கேக்காமத்தான்." இது அவருடைய அனுபவம், அளந்து எழுதிய கணக்கு இல்லை. ஆனால் பேராசிரியர் சொன்னதையும் இவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது. கல்லூரியில் உட்கார்ந்து கேட்டிருந்தால் பேராசிரியர் சொன்னது மட்டும்தான் கிடைத்திருக்கும்.

அந்தக் கூம்புப் படத்துக்கு இந்த இடத்தில்தான் வந்தோம். சார்லஸ் தைஸ் என்ற அமெரிக்கர் 1935-இல் அந்தக் கணக்கைத் தந்தார். மோட்டார் ஓட ஓட நீர்மட்டம் நேரத்துக்கு நேரம் எப்படி இறங்கும் என்று அவர் தேடியபோது, ஒரு கணித நண்பரின் உதவியோடு வெப்பம் பரவும் சமன்பாட்டையே தண்ணீருக்கும் எடுத்துக்கொண்டார். தொடர்ந்து ஓட்டினால் கூம்பு ஆழமாவதோடு நிற்காமல் அகலமாகிக்கொண்டே போகும். கல்லில் அது வட்டமாக இருக்காது, வெடிப்பு போகும் திசையில் நீளும். அதனால்தான் பக்கத்து வயல் போர் ஒன்றும் ஆகாமல், மூன்று வயல் தள்ளியிருக்கும் போர் வற்றுகிறது. முன்வரிசையில் இருந்த பெரியப்பா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மாடு கட்டிக் கவலை ஏற்றம் இறைத்த காலத்தில் தன் கிணற்றில் ஐந்து ஆள் ஆழத்தில் தண்ணீர் நின்றதையும், கிழக்கே போர் போட்டவரோடு பல வருஷம் பேச்சில்லாமல் இருப்பதையும் சொன்னார். கிழக்கே இருப்பவர் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் என்றால் புளோரைடைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வெளியூரில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பல்லில் படிந்த கறை தெரியாமல் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது எதனால் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தப் பாடத்தில் அது அதிகம் வராததால் நீர் வேதியியல் எடுக்கும் வேறொரு பேராசிரியரின் வகுப்பைத் தேடிப் போட்டோம். அன்றைக்கு மகளிர் குழு அக்காமார்கள் முழுப்பேரும் வந்துவிட்டார்கள்.

கல்லில் இருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. தண்ணீர் அந்தக் கல்லோடு எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவு கரைகிறது. தண்ணீரில் கால்சியம் அதிகமிருந்தால் புளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில் படியாமல் அப்படியே நிற்கும். ஆழத்து வெடிப்புகளில் பல வருஷமாகக் கிடந்த தண்ணீர் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு.

ஒரு அக்கா கேட்டார்: "காய்ச்சிக் குடுத்தா போயிடுங்களா சார்? நான் என் பேத்திக்குக் காய்ச்சித்தான் குடுக்கறேன்."

போகாது. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகிக் குறையும், புளோரைடு அங்கேயே இருக்கும், அதனால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். சார் இதைச் சொன்னதும் கூடத்தில் ஒரு சலசலப்பு. இத்தனை வருஷமாக வீட்டுக்கு வீடு காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். கிருமிக்குக் காய்ச்சுவது சரிதான், அதை விடவேண்டாம், ஆனால் பல்லுக்கும் எலும்புக்கும் அது உதவாது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பல்லின் மேல்பூச்சு உருவாவது குழந்தையாக இருக்கும்போது, ஏறக்குறைய எட்டு வயது வரைக்கும். அந்த வயதில் குடிக்கும் தண்ணீர்தான் பல்லின் நிறத்தை முடிவு செய்கிறது. அதனால் கைக்குழந்தைக்கும் பால்வாடிப் பிள்ளைக்கும் மட்டுமாவது ஒகேனக்கல் தண்ணீரைத் தனிக்குடத்தில் பிடித்து வையுங்கள் என்று சொன்னோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே இதற்காகத்தான். ஆற்றுத் தண்ணீரில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அது வராத நாளில் எல்லோரும் போர்க் குழாய்க்குத்தான் போகிறோம்.

அடுத்த வாரம் அக்காமார்களே பாட்டில்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் சோதனைக்குப் பயிற்சி எடுத்த ஒரு அக்காவிடம் களச் சோதனைப் பெட்டி இருந்தது. மருந்தை விட்டதும் இளஞ்சிவப்பாக வரும் நிறம், புளோரைடு கூடக் கூட வெளுத்து மஞ்சள் பக்கம் போகும். பாட்டில்களை ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தோம். பழைய திறந்த கிணற்றுத் தண்ணீர் சிவப்பாகவே நின்றது. ஆழமான போர்த் தண்ணீர் பாட்டில்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பாட்டிலைக் கண்டுபிடித்துப் பார்த்தார்கள். அட்டையோடு ஒப்பிட்டு எழுதி வைத்திருக்கிறோம். இனிமேல் எந்தக் குழாய் குடிக்க, எந்தக் குழாய் புழங்க என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை.

நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவரும் வருகிறார். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடப்பவர், இந்தச் சுற்றுவட்டாரத்தில் பலருக்குப் போர் இடம் காட்டியவர். அவரைக் கேலி செய்து பேச யாரையும் விடவில்லை, விடவும் கூடாது. நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து தண்ணீர் தேடும் ஆய்வைப் பற்றிய வகுப்பை அவர்தான் உன்னிப்பாகக் கேட்டார். நிலத்தில் நான்கு கம்பி அடித்து, வெளியே இருக்கும் இரண்டில் கரண்ட் விட்டு, உள்ளே இருக்கும் இரண்டில் வோல்ட் பார்ப்பது. காய்ந்த முழுப்பாறை கரண்டைத் தடுக்கும், தண்ணீர் நிரம்பிய வெடிப்பு விடும். கான்ராட் ஷ்லம்பர்ஜர் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் தொடங்கிவைத்த முறை. கடையில் தினமும் மெக்கர் என்ற மின்தடை அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கும் எனக்கு இது உடனே பிடிபட்டது. ஆனால் ஈரக் களிமண்ணும் குறைந்த தடையைத்தான் காட்டும், அதனால் கருவி வைத்துப் பார்த்தாலும் ஊரின் மண்ணைத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பேராசிரியரே சொல்கிறார். பெரியவர் அதைத் திரும்ப ஒருமுறை ஓட்டச் சொன்னார். தேங்காய் தண்ணீரைக் காட்டும் என்று நான் நம்பவில்லை. அவர் பல வருஷமாக நிலத்தின் சரிவையும் கறையான் புற்றையும் மரங்களையும் பார்த்து நடந்திருக்கிறார், அந்தப் பார்வை மதிப்புள்ளது என்று நம்புகிறேன்.

இப்போது கூடத்தின் உள்சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறோம். ஊரின் வரைபடம், அதில் ஒவ்வொரு போரும் ஒரு புள்ளி. பக்கத்தில் மொத்த ஆழம், மண் சரியாமல் இறக்கும் கேசிங் பைப் எத்தனை அடி, தண்ணீர் எந்த அடியில் வந்தது, எந்த வருஷம் போட்டது, இப்போது ஓடுகிறதா. போர் பில்களைப் பீரோவிலிருந்து தேடி எடுத்து வந்து கொடுக்கிறார்கள். பில் தொலைந்தவர்கள் ஞாபகத்திலிருந்து சொல்கிறார்கள், அதைப் பென்சிலில் எழுதுகிறோம். தண்ணீர் வந்த ஆழங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஓடைக்குத் தெற்கே சில புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதை ஏழாவது படிக்கும் அந்தப் பெண்தான் காட்டினாள். ஒரே வெடிப்பாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல ஆய்வு செய்ய வேண்டும், அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. சீனாவும் அமெரிக்காவும் சேர்ந்து எடுப்பதைவிட நாம் எடுப்பது அதிகம். அந்த எண் பெரியது, எங்கள் கூடத்துக்குள் அடங்காது. ஆனால் எங்கள் சார்ட்டில் இருக்கும் புள்ளிகளைப் பற்றி எங்களால் பேச முடிகிறது. அண்ணன் தம்பி இருவர் ஒரே நேரத்தில் மோட்டார் போடாமல் முறை வைத்து ஓட்டுகிறார்கள். மல்பெரி வைத்திருக்கும் ஒருவர், இன்னும் ஆழம் ஓட்ட வைத்திருந்த பணத்தில் சொட்டு நீருக்கும் பழைய கிணற்றைத் தூர் எடுக்கவும் செலவு செய்தார். இன்னொருவர் எங்கள் பேச்சையெல்லாம் கேட்டும் புதிதாகப் போர் போட்டார், அவருக்குத் தேவை அப்படி. ஆனால் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் வந்த கல் தூளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே அடி எழுதி, சனிக்கிழமை கூடத்துக்குக் கொண்டுவந்தார். மேசை மேல் அடுக்கினோம். செம்மண் நிறத்தில் ஆரம்பித்து, மஞ்சளாகி, சாம்பலாகி, கடைசியில் கறுப்பு. போர் வண்டி அண்ணன் நடுவில் ஒரு பொட்டலத்தைத் தொட்டு, "இங்கதாங்க வந்திருக்கும்" என்றார். அங்கேதான் வந்திருந்தது.

மழைநீரை நிலத்துக்குள் அனுப்புவது பற்றிய வகுப்புகள் அடுத்து வருகின்றன. திறந்த கிணறு வைத்திருப்பவர்கள் அவசியம் வாருங்கள், அதில் உங்களுக்குத்தான் வேலை அதிகம். வேறு ஊரில் நடத்த நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகலாம், பைப்பும் வாளியும் இரவல் தருகிறோம். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வரும்போது உங்கள் போர் பில்லை மறக்காமல் எடுத்து வாருங்கள்.